பனை உழவாரனா, நாட்டு உழவாரனா? வானத்தில் பறக்கும்போதே பிரித்தறிய ஒரு முழுமையான வழிகாட்டி

இரண்டும் கருப்பாகத் தெரியும். இரண்டும் கம்பியில் உட்காராது. இரண்டும் நிற்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும். பறவை பார்க்கத் தொடங்கியவர்களின் நோட்டைப் புரட்டினால் "உழவாரன்?" என்று கேள்விக்குறியோடு நிற்பவை பெரும்பாலும் இவை இரண்டும்தான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் புதியவர்களோடு குளத்தங்கரைக்குப் போய் வருகிறேன். அங்கே திரும்பத் திரும்ப ஒரே தவறைப் பார்க்கிறேன். எல்லோரும் முதலில் வெள்ளையைத் தேடுகிறார்கள். நாட்டு உழவாரனுக்குப் பிட்டம் வெள்ளை என்று புத்தகத்தில் படித்திருப்பார்கள். தலைக்கு மேலே போகும் பறவையில் வெள்ளை எதுவும் தெரியாது. உடனே "பனை உழவாரன்" என்று எழுதிவிடுவார்கள். முதுகில் இருக்கும் வெள்ளை, வயிற்றுக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்ப்பவருக்கு எப்படித் தெரியும்?

அதனால் இங்கே வரிசைதான் முக்கியம். வடிவம் முதலில், பறக்கும் விதம் அடுத்து, நிறம் அதற்கும் பிறகு, இடம் கடைசியில். இந்த வரிசையை மாற்றாமல் நான்கைந்து மாலைகள் பழகினால் போதும், கண் தானாகப் பிரிக்கத் தொடங்கிவிடும்.

1. கிளம்புவதற்கு முன்

பைனாகுலர் 8×42 அளவில் இருந்தால் நல்லது. 10 மடங்கு பெரிதாக்கும் கருவியில் பறவை பெரிதாகத் தெரியும்தான். ஆனால் பார்வைக்குள் அடங்கும் வானத்தின் அகலம் குறைந்துவிடும், கை நடுக்கமும் கூடும். உழவாரன் ஒரு நொடியில் அந்தச் சிறு வட்டத்தைவிட்டு வெளியே போய்விடும். பைனாகுலரே இல்லையென்றாலும் கவலைப்பட வேண்டாம். நான் சொல்லப்போகும் அடையாளங்களில் பாதிக்கு மேல் வெறும் கண்ணுக்கே தெரிபவை.

நேரம் மிக முக்கியம். காலை வெயில் ஏறுவதற்குள், அல்லது மாலை நான்கரைக்குப் பிறகு போங்கள். சூரியன் தாழ்வாக இருக்கும்போது பறவையின் பக்கவாட்டிலும் வயிற்றிலும் வெளிச்சம் விழும். உச்சி வெயிலில் மேலே வெளுத்த வானம், கீழே வெறும் நிழலுரு. அப்போது பார்த்த நிறத்தை நம்பவே கூடாது.

நிற்கும் இடம் அதைவிடவும் முக்கியம். புதியவர்கள் எப்போதும் தரையில் நின்று அண்ணாந்து பார்க்கிறார்கள். உயரமான இடம் தேடுங்கள்: ஆற்றுப்பாலம், மொட்டை மாடி, குன்றின் விளிம்பு, ஏரிக்கரை. பாலத்தின் மேல் நின்றால் பறவைகள் உங்கள் காலுக்குக் கீழே பறக்கும், முதுகு நேராகத் தெரியும். குளத்தில் தண்ணீர் குடிக்க அவை நீர்மட்டத்தை உரசிக்கொண்டு வரும்போதும் கரையில் இருப்பவருக்கு அதே வாய்ப்பு. அண்ணாந்து பார்த்து ஒரு மாதத்தில் கற்பதை, பாலத்தின் மேல் நின்று ஒரு மாலையில் கற்றுவிடலாம்.

மழை விட்ட அரை மணி நேரத்தையும் விடாதீர்கள். ஈசலும் பூச்சியும் தாழப் பறக்கும், அவற்றின் பின்னால் உழவாரன்களும் கீழே இறங்கும்.

ஓர் எச்சரிக்கை. சுற்றும் பறவையைப் பைனாகுலரில் தொடரும்போது அது சூரியனைக் கடந்து போகும். சூரியன் பக்கம் போகிறது என்று தெரிந்தவுடன் பைனாகுலரை இறக்கிவிடுங்கள். எந்தப் பறவைக்காகவும் கண்ணைப் பணயம் வைக்க வேண்டாம்.

2. முதலில் தகைவிலானைக் கழித்துவிடுங்கள்

இரண்டு உழவாரன்களையும் பிரிப்பதற்கு முன், பார்ப்பது உழவாரன்தானா என்று உறுதி செய்ய வேண்டும். குளிர்காலத்தில் வலசை வரும் தகைவிலான்கள் இதே வானத்தில், இதே பூச்சியைத்தான் பிடிக்கின்றன. தகைவிலானுக்கும் வால் பிளவு உண்டு. பனை உழவாரன் என்று எழுதப்படும் பதிவுகளில் சில உண்மையில் தகைவிலான்கள்.

மின்கம்பியில் உட்கார்ந்தால் அது உழவாரன் இல்லை, அவ்வளவுதான். உழவாரனின் கால் மிகக் குட்டை, செங்குத்தான பரப்பில் தொற்றிக்கொள்ள மட்டுமே பயன்படும். கம்பியைப் பிடித்து நிமிர்ந்து உட்கார அதனால் முடியாது.

பறந்துகொண்டே இருந்தால் இறக்கையைப் பாருங்கள். தகைவிலானின் இறக்கை நடுவில் மடங்கி விரியும், ஒவ்வொரு அடிப்பிலும் அந்த மூட்டு தெரியும். உழவாரனின் இறக்கை கதிர் அரிவாள் மாதிரி ஒரே வளைவு, உடலை ஒட்டிய இடத்திலிருந்தே வளையத் தொடங்கிவிடும். மூட்டு எங்கே என்று தேடினாலும் தெரியாது.

பனங்காட்டில் இன்னொரு பறவையும் ஏமாற்றும். பனை மட்டையில் இரண்டு மூன்றாக ஒட்டி ஒட்டி உட்கார்ந்திருந்து, எழுந்து ஒரு வட்டம் அடித்துவிட்டு அதே இடத்துக்குத் திரும்பும் சாம்பல் நிற மரத்தகைவிலான் அது. அதன் இறக்கை அகன்ற முக்கோணம், இறக்கையை விரித்தபடி நிதானமாக மிதக்கும். பனையைச் சுற்றிப் பறக்கிறது என்பதாலேயே அதைப் பனை உழவாரன் ஆக்கிவிடாதீர்கள். பழைய கோபுரங்களிலும் கோட்டைச் சுவர்களிலும் தவிட்டு நிறத்தில் ஒரு தகைவிலான் இனம் வாழ்கிறது. வால் சதுரமாக இருப்பதால் அதை நாட்டு உழவாரன் என்று நினைப்பார்கள். அது சுவர் விளிம்பில் உட்காரும், மெதுவாகச் சறுக்கும், வாலை விரித்தால் வரிசையாக வெள்ளைப் பொட்டுகள் தெரியும்.

3. ஒரே ஒரு பறவையைப் பிடித்துக்கொள்ளுங்கள்

கூட்டத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். இந்த வழிகாட்டியில் மிகச் சாதாரணமாகத் தோன்றும் படி இதுதான், அதிகம் தவறவிடுவதும் இதைத்தான். ஒன்றின் வாலையும் இன்னொன்றின் முதுகையும் மனம் சேர்த்துவைத்து, இல்லாத ஒரு பறவையை உருவாக்கிவிடும்.

முதலில் வெறும் கண்ணால் ஒரு பறவையைத் தேர்ந்து, அது இரண்டு வட்டம் அடிக்கும்வரை தொடருங்கள். அதன் பாதை பழகிவிடும். பிறகு, கண்ணை அதன்மேலிருந்து எடுக்காமல் பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டுவாருங்கள். பைனாகுலரைக் கண்ணில் வைத்துக்கொண்டு வானத்தில் துழாவினால் கிடைக்காது.

தொலைவில் இருக்கும் பறவையைத் தேர்ந்தெடுப்பது நல்லது. பக்கத்தில் இருப்பது சரேலென்று கடந்துவிடும். ஐம்பது, அறுபது மீட்டர் தள்ளி இருப்பதைத் தொடரக் கழுத்துக்கு நேரம் கிடைக்கும்.

4. வாலைப் பாருங்கள், அதுவும் திரும்பும் நொடியில்

இரண்டையும் பிரிக்கும் தலையாய அடையாளம் வால்தான். கீழிருந்து பார்த்தாலும், நிழலுருவாகத் தெரிந்தாலும், மேகமூட்டத்திலும் வால் வேலை செய்யும். அதனால்தான் இதை முதலில் வைக்கிறேன்.

பனை உழவாரனின் வால் நீளமானது, ஆழமாகப் பிளந்தது. ஆனால் புத்தகப் படத்தில் இருப்பதுபோல் கவையாக விரித்துக்கொண்டு அது எப்போதும் பறப்பதில்லை. நேராகப் பறக்கும்போது இரண்டு முனைகளையும் சேர்த்து மூடிவைத்திருக்கும். அப்போது தெரிவது பிளவு இல்லாத, ஊசிபோல் மெலிந்து முடியும் ஒற்றை முனை. புதியவர்கள் பிளவைத் தேடி, காணாமல், "வால் பிளவு இல்லை, அதனால் நாட்டு உழவாரன்" என்று முடிவு கட்டுவது இங்கேதான்.

அது சட்டென்று திரும்பும்போது, அல்லது பனை ஓலைக்குள் நுழையும் முன் வேகத்தைக் குறைக்கும்போது, வால் ஒரு கணம் திறக்கும். கத்தரிக்கோல் திறந்து மூடுவதுபோல் இருக்கும். அந்த ஒரு கணத்துக்காகத்தான் ஒரே பறவையைத் தொடரச் சொன்னேன்.

நாட்டு உழவாரனின் வால் குட்டை. மூடியிருக்கும்போது நேராக வெட்டி நிறுத்தியதுபோல் மொண்ணையாக முடியும். திரும்பும்போது விரிந்தால் ஓரங்கள் சற்று வளைந்த சிறு விசிறி. வெயிலுக்கு எதிராக அது விரியும்போது இறகுகளின் ஊடே வெளிச்சம் கசியும், உடலின் கருப்புக்குப் பக்கத்தில் வால் வெளிறித் தெரியும்.

ஆகவே "பிளவு இருக்கிறதா?" என்று கேட்காதீர்கள். "பின்பக்கம் எப்படி முடிகிறது?" என்று கேளுங்கள். ஒல்லியாகிக்கொண்டே போய் முனையாக முடிந்தால் பனை உழவாரன். கத்தியால் நறுக்கியதுபோல் நின்றுவிட்டால் நாட்டு உழவாரன்.

இதில் இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். பனை உழவாரனின் இளம் பறவைகளுக்கு வால் பிளவு ஆழமாக இருக்காது. இறகு உதிர்க்கும் பறவையில் ஓர் இறகு விழுந்திருந்தால், சதுர வாலிலும் ஒரு வெட்டு தெரியும். சந்தேகம் வந்தால் வாலை வைத்து முடிக்காமல் அடுத்த படிக்குப் போங்கள்.

5. உடலின் கனம், இறக்கையின் அகலம்

புத்தகத்தில் பனை உழவாரன் 13 செ.மீ., நாட்டு உழவாரன் 15 செ.மீ. என்று போட்டிருக்கும். வானத்தில் அந்த இரண்டு செ.மீ. யார் கண்ணுக்கும் தெரியாது. அளவை வைத்து முயல வேண்டாம்.

தெரிவது கனம். பனை உழவாரன் 10 கிராமை ஒட்டிய எடை. நாட்டு உழவாரன் ஏறக்குறைய 25 கிராம். நீளத்தில் கிட்டத்தட்ட ஒத்த இரண்டு பறவைகளில் ஒன்று மற்றதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் கனம் என்றால், அந்தச் சதை எங்காவது தெரிந்தாக வேண்டும். நாட்டு உழவாரனின் நெஞ்சும் வயிறும் புடைத்து, நடுவில் பருத்த பம்பரம் மாதிரி இருக்கும். பனை உழவாரனின் உடல் தலையிலிருந்து வால்வரை ஒரே மெல்லிய கோடு.

இறக்கையும் அப்படித்தான். நாட்டு உழவாரனுக்கு உடலை ஒட்டிய பகுதி அகலம், முனை அவ்வளவு கூர்மையில்லை. பனை உழவாரனுக்கு அடியிலிருந்து நுனிவரை ஒடுங்கிய இறக்கை. பெருவிரலையும் ஆள்காட்டி விரலையும் விரித்து வளைத்துப் பிடித்தால் வரும் அந்த வளைவு.

குழந்தைகளுக்கு நான் சொல்லிக்கொடுப்பது இது: வில்லில் அம்பைப் பூட்டிப் பிடித்ததுபோல் இருந்தால் பனை உழவாரன். வில் அதே மாதிரி இருந்து, அம்புக்குப் பதில் ஒரு கட்டைப் பென்சிலை வைத்ததுபோல் இருந்தால் நாட்டு உழவாரன்.

6. பறக்கும் விதம்

கனத்துக்கும் பறத்தலுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. லேசான பனை உழவாரன் படபடவென்று இறக்கை அடிக்கும், கொஞ்சம் சறுக்கும், மறுபடி படபடக்கும், திசையைத் திடீர் திடீரென்று மாற்றும். பார்க்க வௌவால் மாதிரி. காற்று பலமாக அடித்தால் ஒதுங்கித் தள்ளாடும். பனை உச்சி உயரத்திலேயே பெரும்பாலும் சுற்றும்.

நாட்டு உழவாரன் விறைப்பாகப் பறக்கும். சில வேகமான அடிப்புகள், பிறகு நீண்ட சறுக்கல். திரும்புவதுகூட ஒரு பெரிய வளைவாக இருக்கும். மாலையில் கூட்டமாகச் சேர்ந்து, கத்திக்கொண்டே, ஒருவர் பின்னால் ஒருவராகத் துரத்தி, மேலே மேலே ஏறி, ஒரு பந்துபோல் திரண்டு கலையும். அந்தக் காட்சியை ஒருமுறை பார்த்தவர் மறக்க மாட்டார். பனை உழவாரன்களும் கூட்டமாகப் பறக்கும், ஆனால் இந்த இறுக்கமான திரட்சி அவற்றிடம் இல்லை.

காற்று அதிகமுள்ள நாளில் இந்த அடையாளத்துக்கு மதிப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஆடிக்காற்றில் எல்லாமே தள்ளாடும்.

7. இப்போதுதான் நிறம்

இந்த இடத்தில் பொறுமை வேண்டும்.

நாட்டு உழவாரனின் பிட்டம், அதாவது முதுகு முடிந்து வால் தொடங்கும் இடம், தூய வெள்ளை. அந்த வெள்ளை முதுகோடு நின்றுவிடாமல் இரு பக்கமும் வழிந்து இடுப்பின் ஓரம்வரை வரும். பறவை ஒரு பக்கமாகச் சாய்ந்து திரும்பும்போது பளிச்சென்று மின்னும். நேர் கீழே நின்றால் தெரியாது. சற்றுத் தள்ளி, பக்கவாட்டில் பார்க்கிற மாதிரி நின்றால், வாலின் அடியில் இருபுறமும் வெள்ளை விளிம்பாகத் தெரியும். ஆகவே தலைக்கு மேல் இருக்கும் பறவையை விட்டுவிட்டு, அடிவானத்தை ஒட்டிச் சுற்றும் பறவையைப் பாருங்கள்.

நாட்டு உழவாரனின் தொண்டையும் வெள்ளை. உடல் கரிய நிறம் என்பதால் வெயிலில் எடுப்பாகத் தெரியும். பனை உழவாரனுக்குத் தொண்டை லேசாக வெளிறியிருக்கும், அவ்வளவுதான். உடல் முழுவதும் சாம்பல் கலந்த தவிட்டு நிறம். எங்கேயும் தூய வெள்ளை கிடையாது.

நோட்டில் நான் எல்லோரையும் மூன்றில் ஒன்றைத்தான் எழுதச் சொல்வேன்:

"முதுகைப் பார்த்தேன், வெள்ளை உண்டு."
"முதுகைப் பார்த்தேன், வெள்ளை இல்லை."
"முதுகைப் பார்க்கவில்லை."

மூன்றாவதையும் இரண்டாவதையும் ஒன்றாக எண்ணுவதுதான் இந்த இரண்டு பறவைகளிலும் நடக்கும் குழப்பத்தின் வேர். முதுகைப் பார்க்காதவர் வெள்ளை இல்லை என்று சொல்ல முடியாது. இந்த மூன்று வரியையும் நோட்டின் முன் அட்டையில் எழுதி ஒட்டிக்கொண்ட ஒரு பெண், இரண்டே வாரத்தில் என்னைவிட நிதானமாக முடிவெடுக்கத் தொடங்கினார்.

இன்னொரு பொறி: மாலை வெயிலில் பனை உழவாரனின் முதுகு பளபளத்து வெளிறித் தெரியும். வெயில் பளபளப்பு பறவை திரும்பத் திரும்ப இடம் மாறும், முதுகு இறக்கை எல்லாவற்றிலும் ஓடும். உண்மையான வெள்ளைத் திட்டு எப்போதும் அதே இடத்தில், அதே அளவில் நிற்கும். குறைந்தது இரண்டு திருப்பங்களில் பார்த்தால்தான் கணக்கு.

கருப்பா தவிட்டு நிறமா என்பதை மட்டும் வைத்து முடிவு செய்யவே வேண்டாம். வெளிச்சமான வானத்தின் முன் தவிட்டு நிறமும் கருப்புதான்.

8. குரல்

பனை உழவாரனின் குரல் மெல்லியது, உச்ச ஸ்தாயி, நடுங்கும் "டிஹிஹி". நாட்டு உழவாரனின் குரல் அடர்ந்தது, வேகமானது: "சிக்-சிக்-சிக்-சிர்ர்ர்" என்று கிறீச்சிடும், கூட்டமாகச் சேர்ந்தால் தெருவே அதிரும். வானத்தில் யார் கத்தினார்கள் என்று தெரியாதபோது குரலைத் துணைச் சான்றாக மட்டும் வையுங்கள். கைபேசி செயலி சொல்லும் பெயரும் அதே தரம்தான். பக்கத்தில் கத்திய பறவையின் பெயரை அது சொல்லலாம், நீங்கள் பார்த்துக்கொண்டிருப்பது வேறாக இருக்கலாம்.

9. இடம் கடைசியில்தான்

"பனை மரம் இருக்கிறது, எனவே பனை உழவாரன்." "கோபுரம் இருக்கிறது, எனவே நாட்டு உழவாரன்." இந்த இரண்டு வாக்கியங்களும் பாதி நாள் சரி, பாதி நாள் தவறு. இரை தேடும்போது இரண்டும் ஒரே குளத்தின் மேல் கலந்து சுற்றும். உடன்குடிப் பக்கத்துப் பனங்காட்டின் மேல் நாட்டு உழவாரன் பறப்பதும், நகரத்து நடுவில் ஒற்றைப் பனையை நம்பிப் பனை உழவாரன் குடும்பங்கள் வாழ்வதும் சாதாரணம். யாழ்ப்பாணத்திலும் இதே நிலைதான். இடத்தை முதலில் வைத்தால், கண் அதற்கேற்ற பறவையைத்தான் காணும்.

ஒரே விலக்கு, கூடு. பறவை கூட்டுக்குள் போவதைப் பார்த்துவிட்டால் வேறு சான்று வேண்டியதில்லை.

பனை உழவாரன், தொங்கும் பனை ஓலையின் அடிப்பக்க மடிப்பில் கூடு வைக்கும். சூறைக்காற்று அடித்த மறுநாள் காலை விழுந்து கிடந்த ஓலை ஒன்றைத் திருப்பிப் பார்த்தேன். உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு சின்னக் கிண்ணம். இலவம்பஞ்சும் மெல்லிய இறகுகளும் எச்சிலால் ஒட்டப்பட்டிருந்தன. உள்ளே இரண்டு வெள்ளை முட்டைகள். ஓலை விழுந்த வேகத்திலும் அவை உருண்டுவிடவில்லை, ஏனென்றால் அவையும் எச்சிலால் கூட்டோடு ஒட்டவைக்கப்பட்டிருந்தன. காற்றில் நாள் முழுக்க ஆடும் ஓலையில் முட்டை நிற்க அதுதான் வழி. பச்சை ஓலையையும் தொங்கும் காவோலையையும் ஒட்ட வெட்டும்போது இந்தக் கூடுகளும் போய்விடுகின்றன என்பது வெட்டுபவர்களுக்குப் பெரும்பாலும் தெரியாது. தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும்.

நாட்டு உழவாரன் பாலத்தின் அடி, கோபுர மாடம், பழைய கட்டட வாசலின் கூரை போன்ற இடங்களில் நெருக்கமாகக் கூட்டம் கூட்டமாகக் கூடு கட்டும். இறகு, வைக்கோல், நூல் என்று கிடைத்ததையெல்லாம் எச்சிலால் ஒட்டிய, ஒழுங்கில்லாத உருண்டை. பக்கவாட்டில் ஒரு நுழைவாய். முட்டையிடும் காலம் முடிந்த பிறகும் இரவில் அங்கேயே வந்து தங்கும். பாளையங்கோட்டைப் பக்கம் ஓர் ஆற்றுப்பாலத்தின் அடியில் நின்றால், அந்தி மங்கும் நேரத்தில் அவை கல் எறிந்ததுபோல் உள்ளே பாய்வதைப் பார்க்கலாம். இந்தக் கூடுகளில் சில நேரம் சிட்டுக்குருவிகள் குடியேறிவிடும். கூட்டிலிருந்து குருவி எட்டிப் பார்த்தால் குழம்ப வேண்டாம்.

10. மலைக்குப் போனால் மூன்றாவது ஒன்று

சமவெளியில் "வெள்ளை இல்லாத சின்ன உழவாரன்" என்றால் பனை உழவாரன் என்று பழகியவர்கள், ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ வால்பாறைக்கோ போனதும் அதே பெயரை எழுதிவிடுவார்கள். அங்கே வேறொன்று இருக்கிறது. குகைகளிலும் பாறை இடுக்குகளிலும் கூடு கட்டும் சிற்றுழவாரன், அறிவியல் பெயர் ஏரோட்ராமஸ் யூனிகலர். மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கை மலைநாட்டிலும் வாழ்வது. இருட்டுக் குகைக்குள் டிக் டிக்கென்று ஒலி எழுப்பி, எதிரொலியைக் கேட்டு வழி கண்டுபிடிப்பது.

அதுவும் முழுக்கத் தவிட்டு நிறம், அதுவும் வௌவால்போலப் பறக்கும். நிறமும் பறத்தலும் இங்கே கைவிட்டுவிடும். மறுபடி வாலுக்கே வர வேண்டும். சிற்றுழவாரனின் வால் குட்டை, நுனியில் லேசான வெட்டு மட்டும். பனை உழவாரனின் நீண்ட ஊசி முனை அதற்குக் கிடையாது. உடலும் கொஞ்சம் உருண்டை. மலையடிவாரத்தில் இரண்டும் சேர்ந்தே பறக்கலாம், அங்கே ஒவ்வொரு பறவையையும் தனித்தனியாகப் பாருங்கள்.

வயிறு பளிச்சென்று வெள்ளையாக, உடலும் மிகப் பெரிதாக இருந்தால் இந்த மூன்றும் இல்லை. அதை வேறாகக் குறித்துக்கொண்டு நகருங்கள்.

11. கலந்த கூட்டத்தை எண்ணுவது

பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு போன்ற நாட்களில் இது தேவைப்படும். முதலில் மொத்தத்தை எண்ணுங்கள், பெயரைப் பற்றி யோசிக்காமல். அதன்பின் பத்துப் பறவைகளை ஒவ்வொன்றாகத் தொடர்ந்து அடையாளம் காணுங்கள். உறுதியாகத் தெரிந்தவற்றை மட்டும் பெயரோடு எழுதுங்கள். மீதியை "உழவாரன், இனம் தெரியவில்லை" என்று போடுங்கள். பத்தில் ஆறு நாட்டு உழவாரன் என்பதால் நூறில் அறுபது என்று பெருக்கிவிடக் கூடாது. தாழப் பறப்பவை பனை உழவாரனாகவும், உயரத்தில் இருப்பவை நாட்டு உழவாரனாகவும் இருக்க வாய்ப்பு அதிகம், உங்கள் பத்து பெரும்பாலும் தாழ இருந்தவையாகத்தான் இருக்கும்.

12. படம் எடுத்துச் சரிபார்ப்பது

படம் அழகாக வர வேண்டியதில்லை. ஷட்டர் வேகம் 1/2000 அல்லது அதற்கு மேல் வையுங்கள், இல்லையென்றால் இறக்கை கரைந்துவிடும். வானம் வெளிச்சமாக இருப்பதால் கேமரா பறவையை இருட்டாக்கும். எக்ஸ்போஷரை ஒன்று முதல் இரண்டு படி கூட்டுங்கள். தொடர்ச்சியாகப் பத்து இருபது படங்கள் எடுத்தால் அதில் ஒன்றிலாவது வால் விரிந்திருக்கும்.

வீட்டுக்கு வந்து படத்தைக் கணினியில் ஒரேயடியாக வெளிச்சமாக்கிப் பார்க்காதீர்கள். பனை உழவாரனின் வெளிறிய தொண்டைகூட அப்போது வெள்ளையாகிவிடும். வால் முடியும் விதத்தை முதலில் பாருங்கள், பிறகுதான் நிறம். களத்தில் வைத்த அதே வரிசை.

13. பதிவு செய்யும்போது ஒரு பெயர்ப் பொறி

பார்த்த பறவைகளைப் பதிவு செய்யும் இணையதளமான ஈபேர்டில் பதிவு செய்பவர்கள் இதைப் படித்தே ஆக வேண்டும். பழைய புத்தகங்களில் நம் நாட்டு உழவாரனை ஹவுஸ் ஸ்விஃப்ட் என்று எழுதியிருப்பார்கள். இன்றைய பட்டியலில் அது ஏபஸ் அஃபினிஸ், ஆங்கிலப் பெயர் லிட்டில் ஸ்விஃப்ட். ஹவுஸ் ஸ்விஃப்ட் என்ற பெயர் இப்போது ஏபஸ் நிபாலென்சிஸ் என்ற வேறு இனத்துக்கு. அது இமயமலைப் பக்கத்திலும், வடகிழக்கிலும், தென்கிழக்கு ஆசியாவிலும் வாழ்வது. மதுரையில் பார்த்துவிட்டு ஹவுஸ் ஸ்விஃப்ட் என்று போட்டால், பார்த்தது சரி, பதிந்தது தவறு.

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருந்து படிப்பவர்களுக்கு இது தலைகீழ். அங்கே கட்டடங்களில் கூடு கட்டுவது நிபாலென்சிஸ்தான். அதன் வால் நுனியில் ஒரு சிறு வெட்டு இருக்கும், ஆகவே நான்காம் படியில் சொன்ன "நறுக்கியதுபோல்" என்பதை அங்கே கொஞ்சம் தளர்த்திக்கொள்ளுங்கள். ஊருக்குள்ளேயே சிற்றுழவாரன் இனங்கள் ஏராளமாகப் பறப்பதால், வெள்ளை இல்லாததெல்லாம் பனை உழவாரன் என்ற பழக்கமும் அங்கே செல்லாது.

14. ஒரு பறவை, எல்லாப் படிகளும்

போன மாதம் ஓர் ஏரிக்கரையில், மாலை ஐந்தேகால் மணிக்கு நடந்தது. புதிதாக வந்த கல்லூரி மாணவர் ஒருவர், "அண்ணா, பனை உழவாரன், இருபது இருக்கும்" என்றார். கரையெங்கும் பனை.

"ஒன்றை மட்டும் பிடிங்க தம்பி" என்றேன்.

எதிர்க்கரை ஓரமாகச் சுற்றிய ஒன்றை எடுத்துக்கொண்டார். இறக்கை ஒரே வளைவு, மூட்டு தெரியவில்லை, உழவாரன்தான். பின்பக்கம் எப்படி முடிகிறது என்று கேட்டேன். இரண்டு வட்டம் பார்த்துவிட்டு, "முனை இல்லையே அண்ணா, மொட்டையா இருக்கு" என்றார். உடல்? "குண்டு." பறப்பது? "சறுக்குது, ரொம்ப நேரம் சறுக்குது." முதுகு? "இன்னும் பார்க்கல."

அந்த "இன்னும் பார்க்கல" கேட்டு எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி. காத்திருந்தோம். ஏழாவதோ எட்டாவதோ வட்டத்தில் அது தண்ணீர் குடிக்கத் தாழ்ந்து, கரைக்குக் கீழே வந்து, எழும்பும்போது சாய்ந்தது. வெள்ளைத் திட்டு, இடுப்பின் இரு பக்கமும் வழிந்து. அடுத்த திருப்பத்திலும் அதே இடத்தில்.

மீதியையும் ஒவ்வொன்றாகப் பார்த்தோம். இருட்டும்வரை எங்களால் முடிந்தது பதினான்கு. அவர் நோட்டில் எழுதியது இது: நாட்டு உழவாரன் 11, பனை உழவாரன் 3, உழவாரன் இனம் தெரியவில்லை 6.